நான் இரட்சிக்கப்பட்டேனா? இரட்சிப்பின் நிச்சயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய முதல் வேதாகமத்தின் உள்ளட்டையில் மூன்று தேதிகள் இருக்கின்றன. மேலே "நான் இரட்சிக்கப்பட்ட நாள்" என்று கோணல்மாணலான எழுத்து. அதன் கீழே நீல மையில் ஒரு தேதி, அதை அடித்துவிட்டு இன்னொன்று, அதையும் அடித்துவிட்டு மூன்றாவது. மூன்றாவதை அடிக்கவில்லை, ஆனால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் "இன்று இரவு நீ மரித்தால் எங்கே போவாய்?" என்று பிரசங்கியார் கேட்பார். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்பார். என் கை தானாக மேலே போய்விடும். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதி அந்தப் பையன் கேட்டவை. மீதி, பின்னாளில் மற்றவர்கள் என்னிடம் கேட்டவை.

இரட்சிப்பும் இரட்சிப்பின் நிச்சயமும் ஒன்றுதானா?

இல்லை. இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து மீட்கப்படுவது, தேவன் செய்கிற காரியம். நிச்சயம் என்பது அவர் அதைச் செய்திருக்கிறார் என்று நமக்குத் தெரிந்திருப்பது. தத்தெடுக்கப்பட்ட கைக்குழந்தைக்குத் தான் தத்தெடுக்கப்பட்டது தெரியாது. அதனால் அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடுமா?

ஆனாலும் இரண்டுக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதில் சீர்திருத்த சபைகளுக்குள்ளேயே (கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்டு சபைகள்) அழுத்தம் மாறுகிறது. 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை என்ற போதனை நூல், மெய்யான விசுவாசத்தை விளக்கும்போதே "எனக்கும் பாவமன்னிப்பு உண்டு" என்ற உறுதியான நம்பிக்கையை அதற்குள் சேர்த்துவிடுகிறது. 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை (18ஆம் அதிகாரம்) கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறது: மெய்யான விசுவாசி ஒருவர் இந்த நிச்சயத்துக்காக நீண்ட காலம் காத்திருக்கவும் பல போராட்டங்களைக் கடக்கவும் நேரிடலாம் என்கிறது. என்னைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதினார்களோ என்று தோன்றும்.

நான் பரலோகம் போவேன் என்று ஒருவர் உறுதியாகச் சொல்வது அகங்காரம் இல்லையா?

என் நற்செயல்களுக்காகப் போவேன் என்றால் அகங்காரம்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இன்னொருவர் கொடுத்த வாக்கை நம்புவது வேறு. யோவான் தன் முதல் நிருபத்தை எழுதியதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்: "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியவும்" (1 யோவான் 5:13). ஊகிக்கவும் என்று எழுதவில்லை, அறியவும் என்று எழுதினார். தெரிந்துகொள்ளக் கூடாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி ஒரு அப்போஸ்தலர் கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

எல்லாத் திருச்சபைகளும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன், விசுவாசத்தில் முடிவுபரியந்தம் நிலைத்திருப்பது தேவனுடைய ஈவு என்றும், அந்த ஈவு தனக்குக் கிடைத்திருக்கிறதா என்று உயிரோடிருக்கும்வரை யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையும் அந்த வழியில்தான் நிற்கிறது. 1547இல் டிரெண்ட் பொதுச்சங்கம், தனிப்பட்ட வெளிப்பாடு இல்லாமல் ஒருவர் தன் இறுதி நிலைத்திருப்பைப் பற்றி முழு நிச்சயம் கொள்ள முடியாது என்று தீர்மானித்தது. அதனால் கத்தோலிக்கர்கள் நம்பிக்கையற்றவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "எதிர்நோக்கு" என்று அவர்கள் சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது அல்ல, கடவுளின் இரக்கத்தின்மேல் சாய்ந்துகொள்வது.

1431இல், பிரெஞ்சுப் படையோடு போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கைத் திருச்சபை நீதிமன்றத்தில் விசாரித்தபோது, "நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். அது ஒரு பொறி. ஆம் என்றால் திருச்சபைப் போதனையை மீறிய ஆணவம். இல்லை என்றால் குற்றத்தை அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. பத்தொன்பது வயதைத் தாண்டியிராத அந்தப் பெண் சொன்ன பதில்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக. இருந்தால் என்னை அதிலேயே காப்பாராக." நான் சீர்திருத்த சபைக்காரன். நிச்சயம் உண்டு என்று நம்புகிறவன். ஆனாலும் கைதூக்கிய கூட்டங்களில் நான் கேட்ட எந்தச் சாட்சியைவிடவும் இந்தப் பதிலில் கடவுள்மேல் அதிக நம்பிக்கை தெரிகிறது.

நித்தியஜீவன் என்பது செத்த பிறகு கிடைப்பதுதானே?

யோவான் 5:24ஐ மெதுவாக வாசியுங்கள். "என் வசனத்தைக் கேட்டு, என்னை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு" என்கிறார் இயேசு. கிடைக்கும் என்று எதிர்காலத்தில் சொல்லவில்லை. உண்டு, அதுவும் இப்போதே. மூலமான கிரேக்கத்திலும் அந்த வினைச்சொல் நிகழ்காலம்தான். அப்புறம் யோவான் 17:3 இன்னும் ஒரு படி மேலே போய், தேவனையும் இயேசுகிறிஸ்துவையும் "அறிவதே நித்தியஜீவன்" என்கிறது. அதாவது நித்தியஜீவன் ஒரு கால அளவு மட்டும் அல்ல, ஒரு உறவு. பழைய மொழிபெயர்ப்பில் "நித்தியஜீவன்" என்று இருப்பதைத் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு "நிலைவாழ்வு" என்கிறது. "வாழ்வு" என்ற சொல் வந்தவுடனேயே அது சுடுகாட்டுக்கு அப்பால் மட்டும் இருக்கும் பொருள் இல்லை என்பது காதில் விழுகிறது.

வரவேண்டியதும் இருக்கிறது. எபேசியர் 1:14 பரிசுத்த ஆவியானவரை "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்" என்கிறது. அச்சாரம் என்றால் நமக்குத் தெரியும். வீடு பேசி முடித்து முன்பணம் கைமாறிவிட்டது, பத்திரப்பதிவு பாக்கி. பவுல் பயன்படுத்திய "அர்ரபோன்" என்ற கிரேக்கச் சொல்லும் வியாபாரச் சொல்தான். செமித்திய மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது. ஆதியாகமம் 38இல் யூதா தன் முத்திரை மோதிரத்தையும் கோலையும் அடைமானமாகக் கொடுக்கிறானே, அங்கே வரும் எபிரெயச் சொல்லின் உறவுக்காரன். இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கல்யாண நிச்சயதார்த்தம் என்ற பொருளும் உண்டு. இரட்சிப்பின் "நிச்சயம்" பற்றிப் பேசும் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நான் எந்த நாளில் இரட்சிக்கப்பட்டேன் என்று தெரியவில்லை. பிரச்சினையா?

பிரச்சினை இல்லை. பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஒரு நாள் இருந்தது. தீமோத்தேயுவுக்கு அப்படி ஒரு நாள் சொல்லப்படவே இல்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடமும் இருக்கிறது என்று மட்டும்தான் பவுல் எழுதுகிறார். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் தீமோத்தேயு மாதிரிதான். இவர்களிடம் போய்த் தேதி கேட்டுக் குடைவது, நீ எந்த நிமிடத்தில் உன் அம்மாவை நம்ப ஆரம்பித்தாய் என்று கேட்பது போன்றது.

இயேசுவை ஏற்றுக்கொள்ளச் சொல்லித்தரும் பாவியின் ஜெபத்தை முழு மனதோடு சொன்னேனா என்று சந்தேகமாக இருக்கிறது. மறுபடி சொல்லட்டுமா?

சொல்லலாம், தப்பில்லை. ஆனால் ஏழாவது முறை சொன்ன பிறகும் இதே சந்தேகம்தான் வரும். அனுபவத்தில் சொல்கிறேன். ஏனென்றால் "முழு மனதோடு" என்பதை அளக்க யாரிடமும் தராசு கிடையாது. இரட்சிப்பு அந்த ஜெபத்தின் வார்த்தைகளில் இல்லை. பின்பற்றிச் சொல்லும் ஜெபம் என்று நாம் இன்று அறிகிற அந்த வடிவமே வேதாகமத்தில் எங்கும் இல்லை. வேதாகமத்தில் இருப்பது "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" (யோவான் 6:37) என்ற வாக்கு. எவ்வளவு நேர்த்தியாக வந்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை.

என் விசுவாசம் ரொம்பப் பலவீனமானது. இது போதுமா?

என்னைக் கேட்டால், மற்ற கேள்விகள் எல்லாம் இந்தக் கேள்வியில் வந்து முடிகின்றன.

எண்ணாகமம் 21இல் ஜனங்களைக் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடிக்கின்றன. மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறார். கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைப்பான். யோவான் 3இல் இயேசு தம்முடைய சிலுவையை அந்தக் கம்பத்தோடுதான் ஒப்பிடுகிறார். அந்தப் பாளயத்தில் பார்வை மங்கிய கிழவர் ஒருவர் இருந்திருப்பார், ஜுரத்தில் கண் சொருகிப்போன குழந்தை இருந்திருக்கும். கூர்மையாகப் பார்த்தவன் வேகமாகப் பிழைத்தான், மங்கலாகப் பார்த்தவன் பாதிதான் பிழைத்தான் என்று எழுதியிருக்கிறதா? பிழைக்க வைத்தது கண் இல்லை. இன்னொன்று: தன் கண் நன்றாகப் பார்க்கிறதா என்று தன் கண்ணையே பார்க்க முயன்றவன் கம்பத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

பல வருடங்கள் நான் செய்தது அதுதான். விசுவாசத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பது. விதையைப் புதைத்துவிட்டு முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

மாற்கு 9இல், பிசாசு பிடித்த மகனுக்காக வந்த ஒரு தகப்பன் இயேசுவிடம் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். ஒரே வாக்கியத்தில் இரண்டும் இருக்கிறது. போய் முதலில் இரண்டாவதைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனை அனுப்பவில்லை. பையன் அன்றே குணமானான்.

ஆரம்பத்தில் இருந்த சந்தோஷம் இப்போது இல்லை. எதையும் உணர முடியவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையில் பாதியைத்தான் பிரசங்கங்களில் சொல்வார்கள். 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதை உணர்ந்ததாக வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார். கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடையவற்றையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்ததாம்.

மீதிப் பாதி: 1739 ஜனவரியில், எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதே நாட்குறிப்பில் நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதுகிறார். 1766இல் தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில், நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை என்று சுருக்கெழுத்தில் ஒரு வரி. அதே கடிதத்திலேயே, இருந்தும் தன்னால் ஊழியத்தை விடமுடியவில்லை என்ற தொனியும் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு நிச்சயத்தைப் பிரசங்கித்தவரின் கடிதம் இது. உணர்ச்சி வரும், போகும். சங்கீதம் 88ஐப் பாருங்கள். கடைசி வரிவரை இருட்டு, விடியலே இல்லை. அதையும் ஜெபமாகத்தான் வேதாகமத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். இரட்சிக்கப்பட்டவன் இப்படி இருப்பானா?

இருப்பான். ஆனால் அதோடு சமாதானமாக இருக்க மாட்டான். விழுந்த பிறகு உங்களுக்கு வரும் அந்தக் குமட்டல், நான் ஏன் இப்படி என்ற வேதனை, அது இறந்துபோன மனிதனுக்கு வருவதில்லை. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்கிறது 1 யோவான் 3:20. சகலத்தையும் என்றால் நாளைக்கு நீங்கள் விழப்போவதையும் சேர்த்துத்தான்.

அதற்காக இதைத் தனியாகச் சுமக்க வேண்டும் என்று இல்லை. நம்பகமான ஒருவரிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "பலவீனங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அந்தப் பாவத்தால் வேறொருவருக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், தேவனிடம் மன்னிப்புக் கேட்டதோடு நிறுத்தாமல், அந்த ஆளுக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள்.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?

பவுலிடமும் இதைக் கேட்டார்கள். "கூடாதே" என்றார் (ரோமர் 6:2). யாக்கோபு இன்னும் கறாராக, பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் நான் பார்த்தவரை, அப்படி வாழ விரும்பிக் கேட்டவர் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி வாழ்ந்துவிடுவாரோ என்ற கவலைதான் அதிகம்.

கிடைத்த இரட்சிப்பை இழக்க முடியுமா?

கிறிஸ்தவர்கள் சில நூறு வருடங்களாகச் சண்டை போடும் இடம் இது. நேர்மையாகச் சொன்னால் இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது.

1610இல், டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் நெதர்லாந்தில் ஐந்து அம்சங்களை எழுதி வைத்தபோது, விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை இன்னும் ஆராயவேண்டிய கேள்வியாகத்தான் விட்டார்கள். 1618–19இல் கூடிய டார்ட் ஆலோசனைச் சங்கம், தேவன் தெரிந்தெடுத்தவர்களை அவரே கடைசிவரை காப்பார் என்று பதில் சொன்னது. வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோரும், மனதார விலகிப்போகிறவன் இழந்துபோக முடியும் என்கிறார்கள். லூத்தரன் சபையாரும் விசுவாசத்தை இழக்க முடியும் என்றே போதிக்கிறார்கள். ஆனால் பயம் வரும்போது ஞானஸ்நானத்தைப் பார் என்பார்கள். "நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன், ஆகையால் எனக்கு வாக்குத்தத்தம் உண்டு" என்று சொல்லும்படி லூத்தர் 1529இல் தன் பெரிய வினாவிடையில் எழுதினார். வெளியே நடந்த ஒன்று, தண்ணீரில், சாட்சிகளுக்கு முன்னால். உள்ளே தோண்டத் தேவையில்லை.

என் நிலைப்பாடு டார்ட் பக்கம். காரணம் யோவான் 10:28. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." ஆனால் எபிரெயர் 6:4–6ஐ வாசிக்கும்போது எனக்கும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. பரம ஈவை ருசிபார்த்தும் மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்கேதுவாய்ப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது. அந்த வசனத்தை நான் விளக்கி மழுப்புவதில்லை. அது எச்சரிக்கைப் பலகை. பள்ளத்தில் விழாமல் ஆட்களைக் காப்பதும் பலகையின் வேலைதான். அடுத்த மூன்றாவது வசனத்தில், எபிரெயர் 6:9இல், இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டு என்று நம்பியிருக்கிறோம் என்று அதே ஆசிரியர் "பிரியமானவர்களே" என அழைத்து எழுதுகிறார். பயமுறுத்தப்படும் பலர் இந்த வசனத்துக்கு வந்து சேர்வதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ?

பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று மத்தேயு 12இல் இயேசு சொன்ன சூழலைப் பாருங்கள். கண்முன்னே ஒருவன் குணமாகிறான். அது பிசாசின் வேலை என்று பரிசேயர் சொல்கிறார்கள். வெளிச்சத்தை வெளிச்சம் என்று தெரிந்தே இருட்டு என்று அழைக்கும் பிடிவாதம் அது. அவர்கள் யாரும் அன்று இரவு தூக்கமில்லாமல் அழுததாக இல்லை. செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறவர் அந்தப் பரிசேயரின் வரிசையில் நிற்கவில்லை.

எல்லா வசனமும் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை.

ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பனியனைச் சில வருடங்கள் இப்படி ஒரு பயம் ஆட்டிவைத்தது. 1666இல் சிறையிலிருந்தபடி வெளியிட்ட தன்வரலாற்றில் அதை விவரிக்கிறார்: சாப்பிட உட்கார்ந்தால், குண்டூசியைக் குனிந்து எடுத்தால்கூட, "கிறிஸ்துவை விற்றுப்போடு, விற்றுப்போடு" என்று மனதுக்குள் ஒரு குரல். மாட்டேன், மாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவார். பின்னொரு நாள் வயலில் நடந்துபோகும்போது "உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது" என்ற எண்ணம் வந்தது. தன் மனநிலை நன்றாக இருப்பதால் அந்த நீதி கூடுவதும் இல்லை, மோசமாக இருப்பதால் குறைவதும் இல்லை, ஏனென்றால் கிறிஸ்துவே அந்த நீதி என்று அவருக்குப் புரிந்தது.

எல்லோருக்கும் அந்த வயல் கிடைப்பதில்லை. கவிஞர் வில்லியம் கூப்பர், போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து 1779இல் வெளிவந்த பாமாலைத் தொகுப்புக்குப் பாடல்கள் எழுதியவர். அவருடைய பாடல்கள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. அவரோ 1773இல் கண்ட ஒரு கனவுக்குப் பிறகு தான் தள்ளப்பட்டவன் என்றே நம்பி, 1800இல் இறக்கும்வரை அந்த நிழலில் வாழ்ந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று நியூட்டன் அவரைக் கைவிடவில்லை. கூப்பருக்கு இருந்தது மனநோய்.

அதனால் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். பாவ எண்ணங்கள் விடாமல் வந்து, அதைப் போக்க ஒரே ஜெபத்தைப் பத்து முறை, இருபது முறை "சரியாக" வரும்வரை சொல்லவேண்டியிருந்தால், அல்லது நான் இரட்சிக்கப்பட்டேனா என்று ஒரே நாளில் பலரிடம் கேட்டும் அரைமணி நேரத்தில் நிம்மதி கரைந்துபோனால், அது ஓசிடி எனப்படும் எண்ணச்சுழற்சி நோயாக இருக்கலாம். மதச்சாயம் பூசிக்கொண்டும் அது வரும். சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்னொரு உபவாசக் கூட்டம் இதற்கு மருந்து அல்ல. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் இன்றே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.

மகன் விசுவாசத்தை விட்டுவிட்டான். சிறுவயதில் ஒப்புக்கொடுத்தவன். அவன் நிலை என்ன?

எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவன் கதை முடியவில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்த இரவில் யாராவது அவனுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். மகனிடம் பேசும்போதெல்லாம் இதையே பேசாதீர்கள். சாப்பிட்டாயா என்றும் கேளுங்கள்.

சாகும் தறுவாயில் இருப்பவர் "எனக்கு நிச்சயம் இல்லை" என்றால் என்ன சொல்வது?

நீளமாகப் பேசாதீர்கள். என் பெரியம்மா கடைசி வாரத்தில், குரல் போய்க் காற்றாக வரும் நிலையில், "நான் அவரைப் பிடிச்சிருக்கேனான்னே தெரியலடா" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் யோவான் 10:28ஐ வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "யார் கைன்னு போட்டிருக்கு?" என்றார். "என் கைன்னு இயேசு சொல்றாரு, பெரியம்மா." "இன்னொருக்க வாசி." அன்று சாயங்காலத்துக்குள் அதை ஏழெட்டு முறை வாசித்திருப்பேன். நடுவில் ஒருமுறை 29ஆம் வசனத்துக்குப் போனேன், வேண்டாம் என்று கையசைத்தார்.

அந்த உள்ளட்டைத் தேதிகளை என்ன செய்தீர்கள்?

ஒன்றும் செய்யவில்லை, அப்படியேதான் இருக்கின்றன. பென்சில் கேள்விக்குறி மட்டும், விரல் பட்டுப் பட்டு, பாதி அழிந்திருக்கிறது.